தாத்தனுக்குப் பொய்முகம் வேண்டா!



அண்மையில் எங்கள் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நாள் நடைபெற்றது. அதை முன்னிட்டு வாசிப்பு அறையின் சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் செய்த ஏழு நிழற்பெட்டிகளை மேசைமேல் வரிசையாக வைத்திருந்தோம். காலணிப் பெட்டிக்குள் வெட்டுத்தாள்கள் அடுக்கடுக்காக நிற்கும். பின்னால் ஒரு சிறு விளக்கு எரியும். முன்னால் குனிந்து பார்த்தால் காடு, ஆறு, பாலம், மனிதர் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவலுக்குப் பிள்ளைகள் செய்த படங்கள் அவை.

ஒரு மாணவனின் தந்தையார் ஏழு பெட்டிகளையும் பொறுமையாகப் பார்த்தார். நல்லவர், பள்ளிக்குப் பல உதவிகள் செய்பவர். பார்த்து முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“டீச்சர், பிள்ளைங்க நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. ஆனா எல்லாமே கறுப்பா இருக்கே... ஒருத்தர் முகமும் தெரியலையே?”

நான் விடை சொல்லுமுன் அவர் கைப்பேசியை எடுத்தார். ஏதோ தட்டினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. செயற்கை நுண்ணறிவு வரைந்த வண்ணப்படம் ஒன்று வந்து நின்றது. “பாருங்க, இதை அச்சடிச்சு ஒட்டியிருந்தா எவ்வளவு அழகா இருந்திருக்கும்! பிள்ளைங்களுக்கும் நேரம் மிச்சம்.”

சுற்றி நின்ற சிலர் தலையாட்டினர். அவர்களுள் இருவர் ஆசிரியர்கள். எனக்கு நெஞ்சு சுட்டது அங்கேதான்!

அந்தப் படத்தில் என்ன இருந்தது தெரியுமா? செந்நிறத் தலைப்பாகை கட்டிய ஐந்தாறு ஆடவர்கள். முழங்கால் வரை தொங்கும் வெள்ளைக் குர்த்தா. முறுக்கிய மீசை, நல்ல உடற்கட்டு, முகத்தில் பொன்னிற வெயில். அவர்களுக்குப் பின்னால் ஐரோப்பிய நாடுகளில் காண்பது போன்ற வளைவுகள் கொண்ட கற்பாலம். அதன்மேல் பளபளக்கும் புகைவண்டி. இவர்கள்தாம் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட நம் தாத்தன்மாராம்!

இதைத்தான் நம் பிள்ளைகளின் நாவலில் ஒட்ட வேண்டுமா? ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, சற்றுப் பொறுமையாக நான் சொல்வதைக் கேளுங்கள்.

சயாம் பர்மா இரயில்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். சப்பானியர் 1942இன் நடுவில் வேலையைத் தொடங்கி, 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்தனர். நேச நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வேலை வாங்கப்பட்டனர். அவர்களைவிடப் பன்மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அதே காட்டில் உழைத்து மாண்டனர். அவர்களுள் பெரும் பங்கினர் மலாயாத் தோட்டத் தமிழர். எத்தனை பேர் மாண்டனர் என்பதில் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. ஏனெனில் எண்ணியவர் இல்லை. காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 போர்வீரர்கள் வரிசை வரிசையாகத் துயில்கின்றனர். பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் உண்டு. நம்மவர்க்கு?

கல்லறையில்தான் இந்த வேறுபாடு என்று எண்ண வேண்டா. படத்திலும் உண்டு. போர்க்கைதிகளிடையே ஓவியர்கள் இருந்தனர். உரொனால்ட் சேர்ல் என்ற ஆங்கிலேயர் திருட்டுத்தனமாக வரைந்தார். வரைந்த தாள்களைக் காவலர் நெருங்க அஞ்சும் காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் மறைத்து வைத்தார். இன்று அவை இலண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஜாக் சால்கர் என்பவரும் அவ்வாறே மறைத்து வரைந்தார். அந்த ஓவியங்கள் இருப்பதால்தான் அந்த வீரர்களின் எலும்பும் தோலுமான உடல்கள் இன்றைக்கும் உலகத்தின் கண்முன் நிற்கின்றன. பின்னர் 1957இல் ‘குவாய் ஆற்றுப் பாலம்’ என்ற ஆங்கிலத் திரைப்படம் வந்தது. இலங்கையின் கித்துல்கலையில் படமாக்கினர். ஏழு ஆஸ்கர் விருதுகளை வென்றது. அதில் நம் தோட்டத் தொழிலாளிக்கு இடமே இல்லை.

தமிழ்த் தொழிலாளி தாளும் கரிக்கோலும் வைத்திருக்கவில்லை. அவனை நிற்க வைத்துப் படம் பிடித்தவரும் மிகமிகக் குறைவு. என் தந்தைவழிப் பாட்டனாரின் அண்ணன் ஒருவர் அப்படிப் போனவர்தாம். திரும்பவில்லை. பெயர் தெரியும், எந்தத் தோட்டத்திலிருந்து போனார் என்பது தெரியும். இலவசப் படக்காட்சி என்று கூப்பிட்டு, கதவை அடைத்து, ஆடவரை அப்படியே ஏற்றிச் சென்றனர் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருடைய புகைப்படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. சாஆ, லாபிஸ், பெக்கோக் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான்.

இப்பொழுது அந்தக் கைப்பேசிப் படத்திற்கு வருவோம். செயற்கை நுண்ணறிவு எங்கிருந்து வரைகிறது? ஏற்கெனவே உலகில் உள்ள கோடிக்கணக்கான படங்களிலிருந்து வரைகிறது. இந்தியத் தொழிலாளி என்றால் எவருடைய படம் அதிகமாக இருக்கிறதோ அவருடைய தலைப்பாகையை எடுத்து ஒட்டுகிறது. பாலம் என்றால் எந்தப் பாலம் அதிகமாக இருக்கிறதோ அதை எடுத்து நிறுத்துகிறது. நம் தாத்தனின் படம் அங்கே இல்லாத இடத்தில் அது “இல்லை” என்று சொல்லாது. வேறு எவனோ ஒருவனின் முகத்தைக் கொண்டுவந்து நிரப்பிவிடும். ஐயா, அம்மா... முகமே இல்லாமல் போனவருக்கு நாம் செய்யும் மரியாதையா இது? பத்து ஆண்டுகள் கழித்து நம் பிள்ளை அந்த மீசைக்காரனைத்தான் தன் பூட்டனார் என்று நம்பிக் கொண்டிருப்பான்!

நான் கணினிக்குப் பகைவள் அல்லள். பாடத் தயாரிப்புக்கு நாளும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டும் படத்தைக் குழந்தையின் கையில் கொடுக்க மாட்டேன்.

நிழல் அப்படிப் பொய் சொல்லாது. நிழலில் முகம் தெரியாது. அதனால் தெரியாத முகத்தைத் தெரிந்ததாகச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் புற உருவம் சரியாக இருந்தே தீர வேண்டும். தோளில் என்ன சுமக்கிறான், முதுகு எவ்வளவு வளைந்திருக்கிறது, கையில் இருப்பது மண்வெட்டியா கோடரியா என்பதெல்லாம் ஓரக்கோட்டிலேயே தெரிய வேண்டும். வண்ணத்தைப் பூசி மறைக்க முடியாது. ஆகவே பிள்ளை கேட்டுத்தான் ஆக வேண்டும். படித்துத்தான் ஆக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. முதற்பெட்டி, தோட்டத்துக் காட்சி. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டும் தொழிலாளி. (குளிர்ந்த அதிகாலையில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும்.) எங்கள் பிள்ளைகளுக்குச் செம்பனைதான் தெரியும். பால்மரத்தை அண்மையில் நின்று பார்த்தவர் வகுப்பில் இருவர்தாம். அவர்களுள் ஒரு மாணவன் மரத்தை வெட்டினான். மரத்தில் உளி போட்ட சாய்கோட்டையும் ஒளி வருமாறு கீறினான். ஒருநாள் அவனை அழைத்துச் செல்ல வந்த அவனுடைய பாட்டி, பெட்டியைப் பார்த்த மறுநொடியே, “என்னடா இது, கோடு மாறி இருக்கு! இப்படி வெட்டுனா கங்காணி வையமாட்டாரா?” என்றார்.

கோடு மாறித்தான் இருந்தது. மரத்தைப் பார்த்து நிற்பவருக்கு வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். பட்டைக்குள் பால்நாளங்கள் சற்றே சாய்ந்து ஓடுவதால் அந்தத் திசையில் வெட்டினால்தான் அதிக நாளங்கள் அறுபடும். மாணவன் சரியாகத்தான் வரைந்திருந்தான். ஆனால் கறுப்புத் தாளின் வெளிறிய பின்பக்கத்தில் வரைந்து, வெட்டியபின் திருப்பி ஒட்டிவிட்டான். இடம் வலமாகிவிட்டது! அவன் பாட்டி அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து, மங்கு எந்த உயரத்தில் தொங்கும், காண்டா வாளியைத் தோளில் எப்படி மாற்றுவர், கோட்டுப்பாலை எப்படிச் சுற்றுவர் என்று அரைமணி நேரம் சொன்னார். பிள்ளைகள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டனர். அந்தப் பாட்டி அதற்குமுன் எங்கள் வகுப்பு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை.

கைப்பேசிப் படம் இந்தப் பாட்டியை அழைத்து வந்திருக்குமா?

வெட்டுத்தாளில் இன்னொரு விதி உண்டு. எந்தத் துண்டும் எங்காவது ஒட்டியிருக்க வேண்டும். சுற்றிலும் வெட்டிவிட்டால் கீழே விழுந்துவிடும். வானத்தில் நிலவு வேண்டுமென்றால் நிலவை வெட்டி எடுத்துவிட்டு ஓட்டையைத்தான் நிலவாக்க முடியும். ஒரு மாணவன் காட்டுவழியே நடக்கும் மனிதனை வெட்டினான். கால் இரண்டும் நிலத்தைத் தொடவில்லை. மனிதன் மேசைக்குக் கீழே விழுந்தான். இரண்டாம் முறை கால்களை நிலத்தோடு சேர்த்தான். கணுக்கால் மெலிந்துபோய் முறிந்தது. மூன்றாம் முறை நாவலின் அந்தப் பக்கத்தை மறுபடியும் வாசித்துக்காட்டச் சொன்னான். பின்னர் அவனாகவே ஆறு பேரை வரிசையாக நிறுத்தி, அனைவர் தோளிலும் ஒரே நீண்ட மரத்தை வைத்து வெட்டினான். மரம் ஆறு பேரையும் பிணைத்துக்கொண்டது. ஒருவரும் விழவில்லை. “இப்ப நிக்குது டீச்சர்” என்றான். படைப்பாற்றல், சிக்கல் தீர்த்தல், உயர்நிலைச் சிந்தனை என்று பாடத்திட்டத்தில் எழுதி வைத்திருக்கிறோமே, அது இதுதான்!

ஆயினும் என்னை உலுக்கியது ஐந்தாம் பெட்டி. மழைக்காலக் குடிசை. காலரா பரவிய பகுதியை நான் சுருக்கித்தான் வாசித்தேன். பிள்ளைகள் சிறுவர்கள் ஆயிற்றே. ஒரு மாணவி மூங்கில் பரணில் படுத்திருப்போரை மூன்று அடுக்குகளில் வெட்டினாள். பின்னடுக்கில் எட்டுப் பேர். நடு அடுக்கில் ஐவர். முன்னடுக்கில் இருவர். பரணும் தூணும் மூன்றிலும் ஒன்றுபோலவே இருந்தன. “ஏன் அம்மா, எண்ணிக்கையில் தவறிவிட்டாயா?” என்று கேட்டேன். “இல்ல டீச்சர். பின்னால இருக்கிறது முதல் மாசம்” என்றாள்.

பத்து வயதுக் குழந்தை, ஐயா! ஆழத்தைக் காலமாக்கிவிட்டாள். நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் கலைக்கல்வியைத் துணைப்பாடமாக எடுத்துப் படித்தவள். எனக்கு இது தோன்றியிருக்காது.

‘கறுப்பாக இருக்கிறது’ என்ற குறைக்கும் விடை சொல்ல வேண்டும். கறுப்பில் கதை சொல்வது நம் மரபுக்குப் புதியதா? கேரளத்தின் பாலக்காடு, திருச்சூர், மலப்புரம் மாவட்டங்களில் பத்திரகாளி கோவில்களின் கூத்துமாடங்களில் இன்றும் தோல்பாவைக் கூத்து நடக்கிறது. நாற்பத்திரண்டு அடி நீளத் திரை. அதன்பின் 21 விளக்குகள். தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றித் திரியிட்டு ஏற்றுவர். பாடுவது என்ன பாட்டு தெரியுமா? நம் கம்பன் பாட்டு! மலையாள நாட்டில், இரவெல்லாம், எதிரே ஒருவர்கூட உட்கார்ந்திராத இரவுகளிலும், அம்மன் கேட்கிறாள் என்ற நம்பிக்கையில் தமிழ்ப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கின்றனர். அந்தப் புலவர் மரபில் வந்த இராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அந்தப் பாவைகளில் மணிமுடியும் மார்பணியும் எப்படித் தெரிகின்றன? தோலில் போட்ட துளைகளால். துளைதான் அங்கே கோடு.

தமிழகத்தில் ஆட்டுத்தோலைப் பதப்படுத்திச் சாயமேற்றி, நிழலையே வண்ணமாக்கினர். கன்னியாகுமரிப் பக்கத்துக் கூத்தில் உச்சிக்குடுமியும் உளுவத்தலையனும் வந்து சிரிக்க வைப்பர். நம் கிளந்தான் மாநிலத்தின் வாயாங் கூலிட்டில் அதே வேலையைப் பாக் டோகோலும் வாக் லோங்கும் செய்கின்றனர். கதை அங்கேயும் இராமனுடையது. நம் ஜொகூரிலும் சாவகக் குடும்பங்கள் எருமைத்தோல் பாவைகளோடு தம் கூத்தைக் கொண்டுவந்தன. கிளந்தான் மரபில் 2013ஆம் ஆண்டு ‘ஸ்டார் வார்ஸ்’ பாத்திரங்களைக்கூடத் தோல்பாவையாக வெட்டி ஆட்டினர்; இளைஞர் கூட்டம் கூட்டமாகப் பார்த்தனர். செருமனியில் லோட்டே ரைனிகர் அம்மையார் கத்தரிக்கோலால் கறுப்பு அட்டையை வெட்டி, கண்ணாடித் தட்டுகளில் அடுக்கி, கீழிருந்து ஒளிபாய்ச்சி, 1926இல் முழுநீள நிழற்படமே எடுத்தார். இவ்வளவு ஏன்? சாஆ கடைத்தெருவில் சீனப் புத்தாண்டுக்குக் கடைக் கதவுகளில் ஒட்டும் சிவப்பு வெட்டுத்தாளை நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் பார்க்கின்றனர். சீனர் அதைக் குழந்தை விளையாட்டு என்று தூக்கி எறியவில்லை. 2009இல் யுனெஸ்கோ அதை மானுட மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. கம்பனை விளக்கொளியில் வைத்துப் பாடிய மரபுக்குரிய நாம்தான், “முகம் தெரியலையே” என்கிறோம்.

இனிமேல் சொல்லப்போவது ஆசிரியர்களுக்கு. கசக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

காட்சிக் கலைக்கல்விப் பாடவேளை நம் பள்ளிகளில் என்னவாகிறது? கணக்குப் பயிற்சி முடியவில்லையா, அந்த வேளையை எடுத்துக்கொள். ஆசிரியர் விடுப்பா, அந்த வேளையில் இரண்டு வகுப்பையும் ஒன்றாக உட்கார வை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் நம் மனத்திலிருந்து ஒழிந்ததா? பாடத்திட்டத்தில் வரைதல் இருக்கிறது, கோலமும் உருவாக்கமும் இருக்கின்றன, பாரம்பரியக் கைவினை இருக்கிறது. எல்லாம் தாளில் இருக்கின்றன. வகுப்பில் இருப்பது என்ன? அச்சிட்ட படத்துக்கு வண்ணம் தீட்டுதல்!

நானும் குற்றவாளிதான். மறைக்கவில்லை. முன்பு ஓராண்டு, முன்னரே வெட்டப்பட்ட துண்டுகள் உறையிலிட்டு விற்கும் கைவினைத் தொகுப்பை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். எண்ணிட்ட இடத்தில் எண்ணிட்ட துண்டை ஒட்ட வேண்டும். நாற்பது நிமிடத்தில் அத்தனை பேரும் ஒரே மாதிரி வீடு செய்து முடித்தனர். சுவரில் மாட்டினேன். எது யாருடையது என்று பிள்ளைகளுக்கே தெரியவில்லை. பெற்றோர் பாராட்டினர். நானும் மகிழ்ந்தேன் என்பதுதான் இன்று வெட்கமாக இருக்கிறது.

இம்முறை ஏழு பெட்டிக்கு ஒன்பது வாரம் ஆயிற்று. ஒரு விரலில் காயம், பிளாஸ்திரி ஒட்டினோம். கத்தரிக்கோலைப் பிடிக்கவே தெரியாத மூன்று பேர் இருந்தனர். ஐந்தாம் ஆண்டில்! தொடுதிரையை இழுக்கத் தெரிந்த விரலுக்குக் கத்தரிக்கோலின் வளையம் புதிதாக இருந்தது. இதற்கு யாரைக் குறை சொல்வது? அவர்களின் கையில் நான்கு ஆண்டாகக் கத்தரிக்கோலைக் கொடுக்காத நம்மைத்தான்.

செய்து பார்க்க எண்ணும் ஆசிரியர்களுக்குச் சில செய்திகள். பெரிய செலவு இல்லை. காலணிப் பெட்டியின் அடிப்பக்கத்தில் சட்டம்போல் ஓர் ஓரம் விட்டுச் சன்னல் வெட்டுங்கள்; அதுவே பார்க்கும் பக்கம். அந்தச் சன்னலை ஒட்டி முதலில் கறுப்பு மணிலா அட்டையில் வெட்டிய அடுக்கு. அதன்பின் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு அடுத்தது, அதன்பின் அடுத்தது. பின்னால் போகப் போக மெல்லிய வெள்ளைத் தாளாக மாற்றுங்கள். விளக்குக்கு அருகில் இருக்கும் மெல்லிய தாளின் ஊடே ஒளி கசியும். அது தொலைவிலுள்ள மலைபோல் வெளிறித் தெரியும். முன்னால் இருக்கும் கறுப்பு அட்டை ஒளியை முற்றாக மறைக்கும். அது பக்கத்தில் நிற்கும் மரமாகும். இந்த ஒரு செய்தியைப் பிள்ளைகள் கண்ணால் கண்டுகொண்டால் போதும், “யார் முன்னால், யார் பின்னால்?” என்று நாவலைப் பார்த்துக் கேட்கத் தொடங்கிவிடுவர். நான்கைந்து அடுக்குக்குமேல் வேண்டா, இருண்டு போகும்.

கடைசி அடுக்குக்குப் பின்னால் கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் தாளை ஒட்டுங்கள். விளக்கின் புள்ளி தெரியாமல் ஒளி பரவும். அதே தாளை இரண்டு அடுக்குகளுக்கு இடையில் வைத்தால் காட்டுப்பனி கிடைக்கும். மழைக்குச் சாய்வான மெல்லிய கீறல்கள் போதும். ஆனால் நெருக்கமாகக் கீறினால் தாள் கிழியும். (எங்கள் மூன்றாம் பெட்டியில் மழை அப்படித்தான் வெள்ளமாயிற்று.) பெட்டிக்கு ஒரே ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு. மெழுகுவத்தி கூடவே கூடாது, தாள் பற்றிக்கொள்ளும். சுவரில் நிழல் விழச் செய்து காட்டுவதாக இருந்தாலும் ஒரு விளக்குதான். முதல் நாள் மூன்று பேர் மூன்று கைவிளக்குகளைப் பிடித்தனர். ஒவ்வொரு மனிதனுக்கும் மூன்று நிழல் விழுந்தது. ஒரே சிரிப்பு! உட்துளைகளை ஆசிரியர் மட்டும் கத்தியால் திறக்க வேண்டும். அதன்பின் கத்தரிக்கோலின் முனையை நுழைத்துப் பிள்ளைகள் வெட்டுவர்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். “சின்னப் பிள்ளைகளுக்குச் சாவுக் கதை எதற்கு?” என்று அன்று ஓர் அம்மையார் கேட்டார். நேர்மையான கேள்வி. நாவலை முழுதாக நான் பிள்ளைகள் கையில் கொடுக்கவில்லை. பகுதிகளைத் தேர்ந்து, நானே வாசித்துக் காட்டினேன். கொடுமையைக் கொடுமையாகக் காட்டும் வண்ணப்படமாக இருந்திருந்தால் நானும் தயங்கியிருப்பேன். நிழலில் குருதி தெரியாது, காயம் தெரியாது. இரண்டு பேர் படுத்திருக்கும் நீண்ட பரண் மட்டும் தெரியும். எவ்வளவு புரிய வேண்டுமோ அவ்வளவைப் பிள்ளையின் வயதே எடுத்துக்கொள்ளும்.

அந்தப் பாதையில் ஒரு மலைவெட்டு இருக்கிறது. ‘நரகத் தீக் கணவாய்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரால் உலகம் அதை அறியும். 1943இல் இரவும் பகலும் பாறையை உடைக்கச் சொன்னபோது, மூங்கில் நெருப்பின் வெளிச்சத்திலும் எண்ணெய் விளக்கின் வெளிச்சத்திலும் மெலிந்த மனிதர்கள் வேலை செய்த காட்சி நரகம்போல் இருந்ததாம்; அதனால் அந்தப் பெயர். இதைச் சொன்னபோது வகுப்பில் ஒருவன், “அப்படின்னா பாறையில அவங்க நிழலு பெருசா விழுந்திருக்கும்ல டீச்சர்?” என்று கேட்டான். ஆம், விழுந்திருக்கும். விளக்குக்கு அருகில் நிற்பவன் நிழல் மலை அளவு இருந்திருக்கும். அறிவியல் பாடத்தில் அந்த வாரம் நிழலின் அளவைத் தனியாக விளக்க வேண்டிய தேவையே எழவில்லை.

அவனும் இன்னொருவனும் சேர்ந்து இப்பொழுது எட்டாம் பெட்டியைச் செய்துகொண்டிருக்கின்றனர். பாறைச்சுவருக்குப் பழுப்பு உறைத்தாள். மனிதர்கள் சிறியவர்கள், அவர்களின் நிழல் மட்டும் கறுப்பு அட்டையில் பெரிதாக. அன்று கைப்பேசியைக் காட்டிய தந்தையாரின் மகன்தான் அந்த இன்னொருவன். அவர் மறுநாள் என்னிடம் எதுவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மகனிடம் மட்டும் இரண்டு காலணிப் பெட்டிகளைக் கொடுத்தனுப்பியிருந்தார். ஒன்று சிறியது, பயன்படாது. மற்றதில் சன்னல் வெட்டியாயிற்று. பாறையின் வலப்பக்கம் இன்னும் நேராக நிற்கவில்லை. பசை காய்ந்தபின் பார்க்க வேண்டும்.